அறுநூற்றுப் பதினெட்டாவது வரி

மைசூர்
19.1.1997, ஞாயிறு

அம்மிணி தாரணிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாம் போட்டது போட்டபடி இருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய் என்று ஆறு கடிதத்தில் கேட்டுவிட்டேன். ஆறுக்கும் பதில் இல்லை. ஆகவே இந்த ஏழாவதில் நலம் விசாரிக்கப் போவதில்லை. தொழில் சம்பந்தமாக ஒரு சந்தேகம் மட்டும். கோயமுத்தூரில் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிற டீச்சர் நீ. கடைசி பெஞ்சில் ஓரமாக என்னையும் உட்காரவைத்துக்கொள்.

நஞ்சன்கூட்டில் எங்கள் மில்லுக்கும் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. பெங்களூரிலிருந்து டை கட்டிய இருவர் வந்து மூன்று நாள் பாடம் நடத்தினார்கள். பத்தாம் வகுப்பை இரண்டு தவணையில் பாஸ் செய்த எனக்கு அவர்கள் பேசியதில் புரிந்தது "டீ பிரேக்" மட்டும். இருபத்தாறு வருஷமாக நான் பேரேட்டில் எழுதிவந்த தொழிலாளர் குடும்பங்களின் வைத்தியச் சலுகைப் பட்டியல் இப்போது கண்ணாடிக்குள் இருக்கிறது. ஆயிரத்து நூற்று நாற்பது பெயர். யார் பிறந்தார்கள், யார் கல்யாணமாகிப் போனார்கள், யார் இல்லை என்று பார்த்துப் பட்டியலை நான் சரிசெய்து கொடுக்க வேண்டும்.

சிக்கல் மவுஸ் என்கிற எலியால். என் வலது கை ஆள்காட்டி விரலில் கொஞ்ச நாளாக உணர்ச்சி இல்லை. வலி கிடையாது, பயப்படாதே. எலியின் காதை அமுக்கினேனா இல்லையா என்பது விரலுக்குத் தெரிவதில்லை. திரையின் ஓரத்தில் இருக்கும் துளியூண்டு அம்பை அமுக்கினால் பட்டியல் நகரும் என்றார்கள். நான் அமுக்கினால் ஆயிரம் பேரும் கிடுகிடுவென்று கீழே ஓடிவிடுகிறார்கள். என் மேசைக்கு எதிரில் இருக்கும் மல்லப்பன், "அய்யாசாமி அவ்ரே, நீங்க கூப்பிட்டா நம்ம யூனியன்காரங்க கூட இவ்வளவு வேகமா ஓட மாட்டாங்க" என்கிறான்.

எலியைத் தொடாமல் பட்டியலை மேலும் கீழும் நகர்த்த வழி உண்டா? இருந்தால் எழுது.

மே மாதம் உங்கம்மாவின் வருஷத் திதி வருகிறது. அதையும் ஞாபகம் வைத்துக்கொள்.

அப்பா

*

கோயமுத்தூர்
27.1.1997

அப்பாவுக்கு,

கேட்டதற்குப் பதில்.

ஒரு வரி நகர, கீழ் அம்பு அல்லது மேல் அம்பு. ஒரு திரை முழுக்கக் கீழே போக, பேஜ் டவுன். மேலே வர, பேஜ் அப். பக்கவாட்டில் ஒரு திரை போக, ஆல்ட்டை அமுக்கிக்கொண்டு பேஜ் டவுன். கன்ட்ரோலை அமுக்கிக்கொண்டு ஹோம் அடித்தால் பட்டியலின் ஆரம்பம். கன்ட்ரோலோடு எண்ட் அடித்தால் கடைசி. எலி தேவையில்லை. பித்தான் அமுங்கியதைக் காதால் கேட்கலாம்.

விரலை டாக்டரிடம் காட்டுங்கள்.

நீங்கள் எழுதிய ஆறு கடிதமும் கிடைத்தன. பதினாறாம் நாள் சடங்கு முடிந்து கிளம்பும்போது, எனக்கு ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன். "உங்கம்மாதான் உனக்குச் சொல்ல வேண்டாம்னா" என்றீர்கள். பரீட்சை கெட்டுவிடும் என்று அம்மாவே சொன்னாள் என்றீர்கள். அம்மா அப்படிச் சொல்கிறவள் இல்லை. எனக்குத் தலைவலி என்றாலே பஸ் ஏறி ஹாஸ்டலுக்கு வந்து நின்றவள். பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என்னைக் கேட்டாளா, இல்லையா? ஆமாம் அல்லது இல்லை, ஒரு வார்த்தை போதும். அது வராமல் நான் திதிக்கு வருவதாக இல்லை.

தாரணி

*

மைசூர்
9.2.1997, ஞாயிறு

அம்மிணி,

உன் கடிதத்தில் மேல் பாதியை மட்டும் அளவாகக் கத்தரித்து, கம்ப்யூட்டரின் நெற்றியில் ஒட்டிவிட்டேன். ஒட்டுவதற்குப் பசை இல்லை, தேவம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த ராகிக் களியைத்தான் தடவினேன். ஆபீஸைப் பெருக்குகிற தேவம்மாதான். அவளுக்கு இப்போது என்னைவிடக் கம்ப்யூட்டர் மீதுதான் மரியாதை. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை ஈரத்துணியால் துடைத்து, குங்குமம் வைத்து, ஒரு செண்டுப்பூவையும் மேலே செருகிவிடுகிறாள். உயிரோடு இருக்கிற எந்தக் குமாஸ்தாவுக்கும் அவள் பூ வைத்ததில்லை.

பேஜ் டவுன் பிரமாதம். டொக் என்று ஒரு சத்தம், பதினெட்டு பேர் அப்படியே மேலே போய்விடுகிறார்கள். இன்னொரு டொக், இன்னும் பதினெட்டு. நஞ்சுண்டசாமி சார் (பர்சனல் மானேஜர், கோபக்காரர் இல்லை, ஆனால் கோபக்காரர் போல மீசை) பின்னால் நின்று பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, அய்யாசாமி! யாரு கத்துக்கொடுத்தது?" என்றார். "என் பொண்ணு சார்" என்றேன். "கோயமுத்தூர்ல இருந்தேவா?" என்றார். "ஆமா சார், தபால்ல." மல்லப்பன் மேசையில் தலையை வைத்துச் சிரித்தான்.

பட்டியல் இப்போது எனக்கு மனப்பாடம். நம்முடைய குடும்பம் அறுநூற்றுப் பதினெட்டாவது வரியில் ஆரம்பிக்கிறது. ஆரம்பத்திலிருந்து முப்பத்துநான்கு பேஜ் டவுன், ஐந்து கீழ் அம்பு.

வீட்டில் நானே சமைக்கிறேன். மாடி வீட்டுக் கெம்பம்மா ஒரு நாள் என் ரசத்தை ருசி பார்த்தாள். அன்றிலிருந்து அவளாகவே சாரு கொடுத்தனுப்புகிறாள். சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில் ஒன்று. தின்கிறேன், வயிறு நிறைகிறது, அவ்வளவுதான்.

நீ கேட்ட இன்னொன்றை நேரில் வரும்போது பேசிக்கொள்ளலாம்.

அப்பா

*

கோயமுத்தூர்
20.2.1997

அப்பாவுக்கு,

நேரில் பேச எனக்கு ஒன்றும் இல்லை. எழுத்தில் வரட்டும்.

நான் எப்படி இருக்கிறேன் என்று ஆறு தடவை கேட்டீர்கள் அல்லவா. காலையில் எழுந்திருக்கிறேன். இரண்டு பேட்ச் எடுக்கிறேன். பேஜ் அப், பேஜ் டவுன். மத்தியானம் சாப்பாடு. மறுபடி இரண்டு பேட்ச். ஹாஸ்டலில் எல்லோரும் சிரிக்கும்போது நானும் சிரிக்கிறேன். அழ வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். வரவில்லை. துணி துவைத்தேன்.

மே இருபத்தொன்றாம் தேதி எனக்குக் காலையில் பரீட்சை. வினாத்தாள் சுலபம். அரை மணி முன்னாலேயே எழுதி முடித்து வெளியே வந்து, வேப்பமரத்தடியில் ஒரு பொட்டலம் வேர்க்கடலை வாங்கித் தின்றேன். உப்பு சரியாக இருந்தது என்று இன்னொரு பொட்டலமும் வாங்கினேன். அம்மா போய் அப்போது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அது எனக்கு மறுநாள் கடைசிப் பரீட்சை முடிந்து வார்டன் கூப்பிட்டபோதுதான் தெரியும். அதற்குள் நீங்கள் எல்லாம் முடித்துவிட்டீர்கள்.

எனக்கு ஒரு வார்த்தை வேண்டும்.

தாரணி

*

மைசூர்
23.3.1997, ஞாயிறு

அம்மிணி,

பதில் தாமதம். ஒரு மாதமாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். நடுவில் ஆபீஸில் ஒரு விஷயம் நடந்துவிட்டது. முதலில் அதற்கு நீ விளக்கம் சொல்ல வேண்டும்.

மாசியில் மல்லப்பனுடைய தாயார் பசம்மா காலமானார். எண்பத்துநான்கு வயது. காரியமெல்லாம் முடிந்து வேலைக்கு வந்தவன் என் மேசையோரம் நின்று, "அய்யாசாமி அவ்ரே, அம்மா பேரை எடுத்துடுங்க. வேற கை எடுக்கறதைவிட உங்க கை எடுக்கட்டும்" என்றான்.

அன்று வெள்ளிக்கிழமை. தேவம்மா பூஜையை முடித்திருந்தாள். போன வாரம்வரை 'ஏ' எழுத்தில்தான் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தாள். என் விரலெல்லாம் சிவந்து, நஞ்சுண்டசாமி சாருக்குப் போகிற கவர்களெல்லாம் கல்யாணப் பத்திரிகை மாதிரி ஆகிவிட்டன. "தாயி, யாரும் தொடாத பித்தானா பார்த்து வை" என்று நான்தான் அன்று காலையில் சொன்னேன். மேல் வரிசையில் வலப்பக்கமாக ஒன்றைத் தேடிப்பிடித்து நன்றாக அழுத்தி வைத்தாள். வைத்ததும் மேலே ஒரு சின்ன பச்சை விளக்கு எரிந்தது. "பார்த்தீங்களா, தேவரு ஒத்துக்கிட்டாரு" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நானும் போட்டுக்கொண்டேன்.

பிறகு பேஜ் டவுன் அடித்துப் பசம்மாவின் வரிக்குப் போனேன். பெயர் கண்ணெதிரே நிற்கிறது. டெலீட் அடித்தேன். பெயர் போகவில்லை. மறுபடி அடித்தேன். ஐந்து தடவை அடித்தேன். பசம்மா அசையவில்லை. "உசுரோட இருந்தப்பவும் எங்கம்மா யார் சொன்னாலும் நகர மாட்டா" என்றான் மல்லப்பன். இருவரும் கொஞ்சம் சிரித்தோம். எழுதியதைச் சேமித்து மூடிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை பட்டியல் அச்சாகி வந்தது. பசம்மா அப்படியே இருக்கிறார். அறுநூற்றுப் பதினெட்டாவது வரியில் உங்கம்மாவின் பெயர் இல்லை. பக்கத்துக் கட்டத்தில் 'மனைவி' என்று மட்டும் இருக்கிறது. பெயர்க் கட்டம் வெள்ளையாக இருக்கிறது.

நஞ்சுண்டசாமி சார் என்னை அறைக்குக் கூப்பிட்டார். "ஆண்டாளம்மா பேரை நீங்களே எடுத்துட்டீங்களா? நானே சொல்லணும்னு ஆறு மாசமா இருந்தேன். சொல்ல வாய் வரலை. நல்லதாச்சு" என்று என் தோளைத் தட்டினார். நான் தலையாட்டினேன்.

அம்மிணி, நான் எடுக்கவில்லை. சத்தியமாக அந்த வரியைத் தொடவில்லை. எப்படிப் போனது?

அப்பா

*

கோயமுத்தூர்
31.3.1997

அப்பாவுக்கு,

தேவம்மா குங்குமம் வைத்த பித்தானின் பெயர் ஸ்க்ரோல் லாக். அந்தப் பச்சை விளக்கு அதனுடையது. அது எரியும்போது அம்பும் பேஜ் டவுனும் திரையை மட்டும்தான் நகர்த்தும். கர்சர் நகராது, விட்ட இடத்திலேயே நிற்கும். பசம்மா உங்கள் கண்ணுக்குத் தெரிந்தார், அவ்வளவுதான். டெலீட் அடித்தது கர்சர் நின்ற கட்டத்தில் விழுந்தது. முதல் தடவையே பெயர் போயிருக்கும். மற்ற நான்கும் வெற்றுக் கட்டத்தின் மேல் அடித்தவை.

இனி இப்படி நடக்காமலிருக்க, முதலில் விளக்கைப் பாருங்கள். எரிந்தால் அதே பித்தானை இன்னொரு தடவை அமுக்குங்கள், அணைந்துவிடும். குங்குமத்தை மானிட்டரின் மேல் வைக்கச் சொல்லுங்கள். கர்சர் எங்கே நிற்கிறது என்று சந்தேகம் வந்தால், கன்ட்ரோலை அமுக்கிக்கொண்டு பேக்ஸ்பேஸ் அடியுங்கள். எவ்வளவு தூரம் போயிருந்தாலும் திரை கர்சர் இருக்கும் இடத்துக்குத் திரும்பி வந்துவிடும்.

சேமித்து மூடிய பிறகு அழிந்த பெயரைத் திருப்பிக் கொண்டுவர வழி இல்லை. மறுபடி தட்டச்சு செய்துகொள்ளலாம்.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. பட்டியலைத் திறந்ததும் நேராகப் பசம்மாவின் வரிக்குத்தானே போயிருப்பீர்கள்? அதற்கு முன்னால் கர்சர் எப்படி அம்மாவின் வரியில் நின்றது? குங்குமம் வைக்கும்போது பட்டியலில் எங்கே இருந்தீர்கள்?

தாரணி

*

மைசூர்
13.4.1997, ஞாயிறு

தாரணி,

நீ சொன்னபடி கன்ட்ரோலும் பேக்ஸ்பேஸும் அடித்துப் பார்த்தேன். வேண்டுமென்றே அந்தப் பச்சை விளக்கை எரியவைத்து, கடைசிக் குடும்பம்வரை போய் அங்கிருந்து அடித்தேன். ஒரே தாவில் அறுநூற்றுப் பதினெட்டில் வந்து நின்றது.

கர்சர் எப்படி அங்கே நின்றது என்று கேட்டாய். தினமும் அங்கேதான் நிற்கும். காலையில் மில்லுக்குப் போனதும், யாரும் வருமுன் மெஷினைப் போட்டு, முப்பத்துநான்கு பேஜ் டவுன், ஐந்து கீழ் அம்பு. அங்கே போய்ச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பேன். தேவம்மா துடைக்க வந்தால் எழுந்துகொள்வேன். அவள் முடித்ததும் அங்கிருந்தே வேலை ஆரம்பம். செத்தவர்களின் பெயரையெல்லாம் எடுக்க எனக்கு உத்தரவு. முப்பத்தொரு பெயர் எடுத்தேன். அந்த ஒன்றை எடுக்கவில்லை. மெஷின் எடுத்துவிட்டது, அதுவும் என் விரலாலேயே. அந்த விரலுக்குத்தான் ஒன்றும் தெரியாதே.

விரல் எப்படி ஆனது என்றும் சொல்லிவிடுகிறேன். உங்கம்மாவுக்குக் கட்டிவிடப் புடவை எடுக்க வீட்டுக்கு வந்தவன், இரும்பு பீரோவின் கதவை விரல் மேலேயே அடித்துச் சாத்திவிட்டேன். ரத்தம் புடவையில் பட்டதைப் பார்த்துத்தான் தெரிந்தது. வேறு புடவை எடுத்தேன்.

இப்போது நீ கேட்டது.

கேட்டாள். பதினொரு நாளும் கேட்டாள்.

அவள் வேண்டாம் என்றாள் என்பது நான் சொன்ன பொய். அவள் முதல் நாளே, "தாரணிக்குச் சொல்லியாச்சுங்களா?" என்றாள். "சொல்லிட்டேன்" என்றேன். சொல்லவில்லை. வெறும் காமாலை, நாலு நாளில் வீட்டுக்குப் போய்விடலாம் என்று டாக்டர் சொன்னார். உனக்கோ கடைசிப் பரீட்சை. நாலு நாள் ஏழு நாளாயிற்று. அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். விட்ட பரீட்சையை மறுபடி எழுதலாம் என்று எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. பத்தாவதை நானே இரண்டு தடவை எழுதினவன்தான். ஆனாலும் நம் வீட்டில் முதல் தடவையாக ஒருத்தி அவ்வளவு பெரிய பரீட்சை எழுதுகிறாள் என்பது என் மண்டையில் ஏறி உட்கார்ந்திருந்தது. போன் பூத்வரை இரண்டு தடவை போனேன். வரிசையில் நின்று என் முறை வந்ததும் திரும்பிவிட்டேன்.

கடைசி நாள் விடிந்ததும், "இன்னிக்காச்சும் வருவாளுங்களா?" என்றாள். "அஞ்சு மணி பஸ்ஸுல ஏறிட்டா" என்றேன். அதன்பின் மணிக்கு ஒரு தடவை கேட்டாள். நானும் மணிக்கு ஒரு ஊராக உன்னைக் கூட்டிவந்தேன். சத்தியமங்கலம் தாண்டிட்டா என்றேன். திம்பம் ஏறுது என்றேன். அப்போது அவள், "வளைவு வளைவா இருக்குமே, அவளுக்கு வாந்தி வருமுங்களே. எலுமிச்சம்பழம் எடுத்துக்கிட்டாளா, கேட்டீங்களா?" என்றாள். "எடுத்துக்கிட்டா" என்றேன். சாமராஜநகர் வந்துட்டா என்றேன். பத்தே முக்காலுக்கு நஞ்சன்கூடு பாலம் தாண்டிட்டா, இன்னும் அரை மணிதான் என்றேன். "சரிங்க" என்றாள். நர்ஸம்மா ஊசி போடத் திரும்பிப் படுக்கச் சொன்னாள், திரும்பவில்லை. முகத்தை வாசல் பக்கமே வைத்திருந்தாள். பதினொன்றே காலுக்குப் போய்விட்டாள்.

நீ வரவில்லை என்பது அவளுக்குத் தெரியாது. வந்துகொண்டிருக்கிறாய் என்றுதான் நினைத்துப் போனாள். இது உனக்கு நல்லதா, இன்னும் மோசமா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எழுதினால் நெஞ்சு லேசாகும் என்பார்கள். எழுதிவிட்டேன். எப்போதும் போலத்தான் இருக்கிறது. கெம்பம்மா யுகாதிக்குக் கொடுத்த ஒபட்டு, நம் ஊர் போளிதான், இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. தின்றேன்.

திதிக்கு நீ வருவதும் வராததும் உன் இஷ்டம். இனி நான் கேட்க மாட்டேன்.

அப்பா

*

கோயமுத்தூர்
19.4.1997

அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. மூன்று தடவை படித்தேன். பிறகு வகுப்புக்குப் போனேன். இன்று ஸ்க்ரோல் லாக் பாடம். வழக்கமாக ஒரு வரியில் சொல்லி முடித்துவிடுவேன். இன்று சொன்ன பிறகும் ஒவ்வொரு மெஷினாகப் போய் விளக்கு அணைந்திருக்கிறதா என்று பார்த்தேன். பிள்ளைகள் கரண்ட் போய்விட்டதோ என்று பார்த்தார்கள்.

உங்களை மன்னித்தேனா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததை எழுத விரும்பவில்லை.

அம்மாவின் பெயரை அந்தக் கட்டத்தில் மறுபடி அடித்து வையுங்கள். மானேஜர் ஏதாவது சொன்னால், மெஷின் தவறு, இருபத்தெட்டாம் தேதி திங்கட்கிழமை சரியாகிவிடும் என்று சொல்லுங்கள். அன்று உங்களோடு மில்லுக்கு வருகிறேன். முப்பத்துநான்கு பேஜ் டவுனும் ஐந்து அம்பும் நீங்கள் அடியுங்கள். டெலீட்டை நான் அடிக்கிறேன். அது முடிந்ததும் நேராக உங்கள் விரலை டாக்டரிடம் காட்டப் போகிறோம்.

வரும் சனிக்கிழமை, இருபத்தாறாம் தேதி. காலை ஐந்து மணி பஸ். பஸ் ஸ்டாண்டுக்கு வர வேண்டாம், வீட்டிலேயே இருங்கள். சத்தியமங்கலத்துக்கு ஏழு, திம்பத்துக்கு எட்டரை, சாமராஜநகருக்குப் பத்து, நஞ்சன்கூட்டுக்குப் பத்தே முக்கால்.

எலுமிச்சம்பழம் வாங்கி வைத்துவிட்டேன்.

தாரணி